பங்கு போட்ட மாத்திரை

பிரவீனாவின் கையில் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. பத்து மாத்திரை கொண்ட அட்டையை, ஒன்றும் பிதுங்காமல், மூன்று துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். மாடத்திக்கு நான்கு, டாக்டர் சீட்டு அவள் பெயரில் இருந்ததால் ஒன்று கூடுதல். சுபஸ்ரீக்கு மூன்று. மீதி மூன்று அறையின் பிஸ்கட் டப்பாவுக்கு. அடுத்து யாருக்காவது வந்தால் ஆகும்.

"பத்தையும் நீயே முழுங்கினா இவ இன்னாடி பண்ணுவா? ரெண்டு பேருக்கும் ஒரே சூடுதான?" என்றாள் மாடத்தியிடம்.

மண்ணூர் விடுதியில் அது பதினான்காம் அறை. ஆறு பெண்கள், ஆறு பேருக்கும் ஒரே தொழிற்சாலை, காருக்கு ஒயர் கட்டும் வேலை. பிரவீனா வந்தவாசிப் பக்கத்துக்காரி. வயது இருபத்தொன்பது, லைனில் எட்டாவது வருடம். அறையில் எதையும் பங்கு போடுகிறவள் அவள்தான். குளியலறை முறை, கொடியில் துணி காயப்போடும் இடம், ஊரிலிருந்து வரும் முறுக்கு, எதிலும் கூடக் குறைய என்று யாரும் முகத்தைத் தூக்கியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் மாத்திரை வரைக்கும் போயிற்று.

சூடு என்று அவர்கள் சொன்னது சிறுநீர்ப்பையில் வரும் கிருமித் தொற்று. லைனில் நிற்கிறவள் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் அவள் இடத்துக்கு ரிலீவர் வர வேண்டும். இருபத்திரண்டு பேருக்கு ஒரே ரிலீவர். கையைத் தூக்கிவிட்டு அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்பதைவிடத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம் என்று ஒவ்வொருத்தியும் சேர்ந்த முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். காலையில் அரை தம்ளர், சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு மடக்கு. பிறகு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தால் இளநீர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய். அதற்கும் கேட்காவிட்டால் டப்பா. ஒரு டாக்டர், ஒருத்தியைப் பார்த்து, இத்தனை நாளைக்கு என்று எண்ணி எழுதியதை, ஒருத்தி உட்கார்ந்து வெட்டிப் பங்கு போட்டால் கிருமி ஒத்துக்கொள்ளுமா?

இரண்டு நாளில் மாடத்திக்கு எரிச்சல் நின்றது. சுபஸ்ரீக்கும் நின்றது. "பாத்தீங்களா?" என்றாள் பிரவீனா.

பன்னிரண்டாம் நாள் மாடத்தி லைனில் பல்லு கிடுகிடுக்க நின்றாள். முதலில் கண்டவர் சூப்பர்வைசர் வேல்ராஜ். முதலுதவி அறைக்கு அனுப்பினார். நர்ஸ் ஷெர்லின் காய்ச்சல் பார்த்தாள், நூற்று இரண்டு. விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டியதும் மாடத்தி அலறிவிட்டாள்.

"இது கிட்னிக்கு ஏறியிருக்கு. இங்க வெச்சுக்கிட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் ஷெர்லின். துணைக்குப் பிரவீனா போனாள்.

வண்டியில் மாடத்தி முனகிக்கொண்டே வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"எக்கா, இந்த மாசம் நிரந்தரமாக்குற லிஸ்ட் போடுதாவ. படுத்துட்டா பேரை எடுத்துருவாவ. ஒரு ஊசியப் போட்டு அனுப்பச் சொல்லுங்க."

"வாய மூட்றி. நிக்க முடியல, லிஸ்டாம் லிஸ்டு."

ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டர் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"அஞ்சு நாளைக்குப் பத்து மாத்திரை. முழுசா சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மேடம். பத்தும்."

மாடத்தி பிரவீனா பக்கம் திரும்பவே இல்லை. பிரவீனாவுக்கு முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. டாக்டரோ புருவத்தைச் சுருக்கினார்.

"பத்தும் சாப்பிட்டும் இப்படி வந்திருக்குன்னா அந்த மாத்திரைக்குக் கிருமி அடங்கலையோ என்னவோ. உள்ள கல்லு, அடைப்பு இருக்கான்னும் பாக்கணும். எந்தக் கிருமின்னு சொல்ற கல்ச்சர் ரிப்போர்ட் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் நீ சொல்றதை வெச்சுதான் நான் மருந்து கொடுக்கணும்."

அவர் பேனாவை எடுத்தார். பிரவீனாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எட்டு வருடமாக யார் பேச்சுக்கும் ஆளாகாதவள், இன்றைக்குப் போய் இந்தக் காய்ச்சல்காரி பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்ற வேண்டுமா?

"பத்து இல்ல மேடம், நாலு. நான்தான் வெட்டிக் குடுத்தேன்."

"எதை வெட்டின?"

"அட்டைய மேடம். மூணா. பங்கு."

டாக்டர் பேனாவை வைத்தார். "கல்யாண வீட்டு லட்டாம்மா இது, ஆளுக்கு மூணுன்னு பங்கு போட? இன்னும் யார் யாருக்குக் கொடுத்த?"

பிரவீனா சொன்னாள். பொங்கலிலிருந்து நான்கு அட்டை. யாருக்கு எத்தனை என்பதுகூட நினைவிருந்தது, பங்கு போட்டவளாயிற்றே.

"கடைசியா மூணு வாங்கினவ இப்ப எப்படி இருக்கா?"

அதை மட்டும் அவள் கேட்டுவைக்கவில்லை.

மாடத்தியை வார்டில் சேர்த்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். குறைந்தது மூன்று நாள் என்றார் டாக்டர். மாடத்தி அழுதாள். "என்னத்துக்குக்கா சொன்னிய? ஒங்க பேரு கெட்டுப்போவுமேன்னுதான நான் மறைச்சேன்."

"என் பேரு கெட்டா கெட்டுக்கினு போவுது. உன் கிட்னி கெட்டா எந்தக் கடையிலடி வாங்கறது? படு."

சாயங்காலம் அறைக்கு வந்தபோது சுபஸ்ரீ வெந்தயத் தண்ணீரும் கையுமாக இருந்தாள்.

"மறுபடியும் எரியுதா?"

"லேசாதான்கா. டப்பால மூணு கீதே, அதத் தாயேன்."

"தரமாட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரி."

"மாடத்திக்கு மட்டும் நாலு குடுத்த. எனக்குன்னா ஆஸ்பத்திரியா? நல்லா கீதுக்கா உன் நியாயம்!"

பிரவீனாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டாள்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே வேல்ராஜுக்குப் போன் போட்டு, தனக்கும் சுபஸ்ரீக்கும் லீவு என்றாள்.

"ஒரே லைன்ல மூணு பேரு இல்லன்னா எப்படிம்மா ஓட்டறது?"

"ரிலீவர நிறுத்துங்க சார்."

"ரிலீவர் ஒருத்திதானே இருக்கா?"

"அதத்தான் சார் நாங்களும் சொல்றோம்" என்று வைத்துவிட்டாள்.

ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போய் முதலில் வார்டில் எட்டிப் பார்த்தாள். மாடத்திக்குக் காய்ச்சல் நூறுக்கு இறங்கியிருந்தது. இட்லி வேண்டாம் என்று நர்ஸிடம் சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்திருந்தது. பிறகு சுபஸ்ரீக்குச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று டாக்டரிடம் காட்டினாள். பரிசோதனைக்குக் குட்டி டப்பா கொடுத்தார்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கால் மணி நேரம் கழித்து சுபஸ்ரீ காலி டப்பாவோடு வெளியே வந்தாள். "வரமாட்டேங்குதுக்கா."

"எப்படி வரும்? காலைலேர்ந்து சொட்டுத் தண்ணி குட்ச்சியா நீ?"

பிரவீனா வெளியே போய் இரண்டு தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தாள். ஒன்றை அவளிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தானே திறந்து குடித்தாள்.