கிளிப்போ, கம்பியோ?

டொக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டு எழும்பிப் போன பிறகு அந்த அறையில் நோயாளியோடு மிஞ்சுகிற ஆளுக்குத்தான் நேர்ஸ் என்று பெயர். டென்மார்க்கின் யூலண்ட் பகுதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவில் நான் கனகாலமாக அப்படி மிஞ்சிக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் வருகிற பலருக்கு ஒரு வருத்தமும் தெரியாது. வேறெதற்கோ எடுத்த படத்தில், மூளைக்குப் போகிற இரத்தக்குழாயில் ஒரு இடம் பலவீனப்பட்டுச் சின்ன பலூன்போல ஊதி நிற்பது அகப்பட்டிருக்கும். வெடித்தால் உயிருக்கு ஆபத்து. வெடிக்காமலே வயதாகிப் போய்ச் சேர்கிறவர்களும் உண்டு.

அடைக்க இரண்டு வழி. மண்டையைத் திறந்து பலூனின் கழுத்தில் கிளிப் போடலாம். இல்லாவிட்டால் தொடையிடுக்கு நாடியால் மெல்லிய குழாயை மேலே செலுத்தி, பலூனுக்குள் பிளாட்டினக் கம்பியைச் சுருட்டி நிரப்பலாம். எது நல்லது என்ற கேள்விக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற சக நேர்ஸ்மாரே, மிச்சக் கதை உங்களுக்கும் தெரியும்.

பண்ணைக்காரர்

ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் பக்கத்தில் பன்றி வளர்க்கிற டேனிஷ்காரர் ஒருவர் வந்தார். சத்திரசிகிச்சை டொக்டர் இரண்டு வழியையும் படம் கீறி விளக்கினார். "உங்களுக்கு இரண்டும் பொருந்தும், யோசித்துச் சொல்லுங்கள்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் மனிதர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்றால் எதைச் செய்வீர்கள்?" என்றார்.

அதற்கு எங்களுக்குப் படிப்பித்த பதில் ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரின் நிலைமையும் வேறு, முடிவு உங்களுடையது, நாங்கள் துணைக்கு நிற்போம். வழக்கம்போல அதைச் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கள் பண்ணைக்கு வருகிற மிருகவைத்தியர் இதுவரைக்கும் ஒரு பன்றியிடமும் அபிப்பிராயம் கேட்டதில்லை."

இரண்டு கெட்டிக்காரர்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பலூன் இருந்த இடம் பொல்லாத இடம். அதனால் கிளிப் போடுகிற டொக்டரும் கம்பி வைக்கிற டொக்டரும் ஒன்றாகவே வந்து அவருக்கு முன்னால் இருந்தார்கள். பலூன் ஆழத்தில் இருக்கிறது, கம்பிதான் நல்லது என்றார் முதலாமவர். கழுத்து அகலமாக இருக்கிறது, வைத்த கம்பி வெளியே நழுவும், கிளிப்தான் நல்லது என்றார் இரண்டாமவர். இரண்டுபேரும் மற்றவருடைய திறமையை மிகவும் மரியாதையாகப் புகழ்ந்தார்கள்.

ஆசிரியை இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயத்தைவிடக் களைப்புத்தான் தெரிந்தது.

"கரும்பலகை துடைக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டால் என் வகுப்புப் பிள்ளைகளும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள்."

தழும்பில்லாதவர்

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், காற்றாலைக் கொம்பனியில் எஞ்சினியர். கம்பி வைத்துக்கொண்டு சுருக்காக வீட்டுக்குப் போனார். அடுத்த கிழமையே வேலைக்கும் போய்விட்டார். பிறகு எடுத்த படத்தில், கம்பி அமுங்கிப்போய் பலூனின் கழுத்துக்குள் திரும்ப இரத்தம் போவது தெரிந்தது. இன்னொருமுறை வைக்கவேண்டும் என்றார் டொக்டர். அவர் போன பிறகு கார்த்திக் என்னிடம் சொன்னார், அந்த முதல் தடவைக்குப் பிறகு பின்னேரமானால் கண் திறக்கமுடியாத களைப்பு வருகிறதாம். வேலையிடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லையாம். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய் என்பார்களாம்.

"தலையில ஒரு தழும்பு இருந்தா லீவு கேக்கறப்ப காட்டலாம். தொடையை எப்படிங்க காட்டறது?"

காரன்

காரன் என்ற டேனிஷ் பெண்மணி ஒரு தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவர். சைக்கிளால் விழுந்தபோது எடுத்த படத்தில்தான் பலூன் தெரிந்தது. நிதானமாகக் கேள்வி கேட்டு, கம்பிதான் என்று முடிவெடுத்தார். சிகிச்சையின்போது இரத்தக்கட்டி ஒன்று மேலே போய் அடைத்தது. இடது கை பலமிழந்தது. யாரும் பிழை விடவில்லை, நடக்கக்கூடியது என்று முன்பே சொன்னதுதான் நடந்தது. அப்படிச் சொல்லி என்னையே நான் தேற்றிக்கொண்டதும் உண்டு.

காரன் பரிசோதனைக்குத் திரும்ப வந்த நாளில், கம்பி வைத்த டொக்டர் கூப்பிடாமலே வந்து, அவருக்குப் பக்கத்தில் இருந்தார். "மிகவும் வருந்துகிறேன்" என்றார். காரன் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்தார். கோபம் இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்கள் ஆபத்தைச் சொன்னீர்கள், நானும் கேட்டேன். வேறு யாருக்கோ சொல்கிறீர்கள் என்று நினைத்துக் கேட்டேன்."

சிவமலர் அக்கா

ஹேர்னிங்கில் வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிற சிவமலர் அக்கா, கணவரோடும் மகளோடும் வந்தார். டொக்டர், அவருடைய வயதுக்கும் பலூன் இருக்கிற இடத்துக்கும் கிளிப் கூடக்காலம் நிற்கும் என்றார். டொக்டர் வெளியே போனதுதான் தாமதம், கணவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, நீங்கள் எங்கட ஆள். குழாயால செய்யச் சொல்லி டொக்டரிட்டச் சொல்லுங்கோ. தலையைத் திறக்க நான் விடமாட்டன்."

"அப்பா, அது அம்மாவின் தலை" என்று மகள் டேனிஷில் சொன்னாள். தகப்பன் காதில் விழாதவர்போல இருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அதுவரைக்கும் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

"கம்பி வைச்சால் திரும்பத் திரும்பப் படமெடுக்க வரவேணும் எண்டினம். ஒவ்வொருக்காலும் மறுமொழி வருமட்டும் இந்த மனுசன் சாப்பிடாது, படுக்காது. என்ர தலையை ஒருக்காத் திறக்கலாம், இவரைக் காலம் முழுக்கச் சமாளிக்கேலாது."

பிட்டு

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அடுத்தநாள் வார்ட்டுக்கு எட்டிப்பார்க்கப் போனேன். அக்காவின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நெற்றியோரம் ஒரு கீற்று மயிர் வழித்திருந்தது. கணவர் பெட்டியில் பிட்டும் சம்பலும் கொண்டுவந்து, கட்டிலடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா ஒரு கரண்டி வாயில் வாங்கினார், மெல்ல முடியவில்லை. மண்டையைத் திறக்கும்போது தாடைத் தசையையும் வெட்டவேண்டியிருக்கும், அந்த நோவு கொஞ்சநாள் நிற்கும். அதைச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டோம்.

பிறகு அவர் சுகமாகி, பாதி நேர வேலைக்குத் திரும்பினார். முழுநேரம் இன்னும் ஏலாது. அன்றைக்கு மட்டும் பிட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கணவரைச் சிரிக்கவைக்கப் பல்லைக் கடித்தபடி சொன்னார்.

"தலையைத் திறந்தவை வாயைப் பூட்டிப்போட்டினம். உங்களுக்கு இனி நிம்மதிதானே!"

நாள் முழுக்க மற்றவர்களின் தலைக்கு எது நல்லதென்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சோறோ பாணோ என்று என் மனுசன் கேட்கிற கேள்விக்குத்தான் எனக்கு மறுமொழி வருவதில்லை.