கொண்டை ஊசி வளைவில் ஒரு சிவப்புக் காய்

எனக்குத் தோற்கப் பிடிக்காது. இரண்டரை வயதுக் குழந்தையிடம் தோற்பதென்றால் அறவே பிடிக்காது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக் கடையில் பாம்பும் ஏணியும் அட்டையை வாங்கியபோது இதெல்லாம் எங்கே தோன்றியது? என் மகளுக்கு என்னைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

நான் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிக் கொடைக்கானல் வீட்டுக்கு வருவேன். திங்கட்கிழமை விடிந்ததும் இறங்கிவிடுவேன். மற்ற நாளெல்லாம் பாப்பா அப்பாவோடுதான். அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். மலை இறங்கி வத்தலக்குண்டில் சவாரி ஏற்றப் போகும்போதெல்லாம் முன்சீட்டில் அவளும் போவாள், ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் பெரிய மனுஷி மாதிரி. சாப்பாடு ஊட்ட அப்பா, தூங்கவைக்க அப்பா, ஜட்டி மாட்டிவிடக்கூட அப்பா. நான் கையை நீட்டினால் அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். வயிறு எரியும். பெற்றவளும் நான், விருந்தாளியும் நானா?

அந்தச் சனிக்கிழமை வந்ததும் வராததுமாக அட்டையைத் தரையில் விரித்தேன். அவளுக்குச் சிவப்புக் காய், எனக்குப் பச்சை. பகடையில் ஒன்று விழுந்தாலும் ஆறு விழுந்தாலும் அவளுக்கு அது "ரெண்டு". காயைத் தூக்கி வைக்கமாட்டாள். அட்டையோடு ஒட்டித் தேய்த்துக்கொண்டே போவாள். பாம்பையும் மதிக்கவில்லை, ஏணியையும் மதிக்கவில்லை. ஒரு வரிசை முடிந்து அடுத்ததற்குத் திரும்புகிற ஓரத்தில் மட்டும் காய் நிற்கும். "பீப் பீப்" என்பாள். பிறகுதான் திரும்புவாள். எதற்கடி இது என்று கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்ப்பாள்.

இப்படியே ஊர்ந்து நூறுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் இன்னும் பாதியில் கிடந்தேன். "ஐ, பாப்பா ஜெயிச்சிருச்சு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கை தட்டினேன். அவள் சட்டை செய்யவே இல்லை. காயைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே கீழே இறங்க ஆரம்பித்தாள். என் பச்சைக்கு மேல் வரிசையின் ஓரத்துக்கு வந்தாள், நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

"உருட்டு செல்லம்."

"ம்ஹூம்."

"உன் டர்ன்டி."

பகடையை என் பக்கம் தள்ளிவிட்டு இரண்டு கையையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். சரி, நானே நகர்த்துகிறேன் என்று சிவப்பைத் தொட்டேன். "நில்லு!" என்று ஒரு கத்தல். காயைப் பிடுங்கி மறுபடி அதே ஓரத்தில் வைத்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போ, ஒனக்கு ஒங்க அப்பாதான் லாயக்கு" என்று அட்டையை மடித்துவிட்டேன். அவள் வீடு அதிர அழுதாள். அவர் வந்து தூக்கினார்.

"சின்னப் புள்ளகிட்டயா மல்லுக்கட்டுவ?"

"அவளுக்கு என்கூட ஆடவே பிடிக்கலீங்க."

"அட, அதெல்லாம் இல்ல. அது பாட்டுக்கு என்னமோ நெனச்சு வச்சிருக்கும்."

என்னத்தை நினைத்து வைத்திருக்கும்? ஞாயிறு முழுக்க அதுவேதான் மண்டைக்குள் ஓடியது. துணி துவைக்கும்போதும் அதுதான், சோறு வடிக்கும்போதும் அதுதான். ஹார்ன் எதற்கு? ஜெயித்தவள் ஏன் இறங்கினாள்? அந்த ஓரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? காய்ச்சலுக்குக் காரணம் தெரியாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. தொழில் புத்தி.

திங்கட்கிழமை பஸ் மூடுபனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வளைவுக்கு முன்னால் டிரைவர் ஹார்ன் அடித்தார். திரும்பவில்லை. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கீழேயிருந்து ஒரு சிலிண்டர் லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் இருந்த வெளியூர்க்காரர் பொறுமையில்லாமல் எழுந்தார்.

"என்ன சார், நின்னுக்கிட்டே இருக்கு?"

"ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டிதாங்க நிக்கணும்," என்றார் கண்டக்டர். "ஏத்தத்துல நின்னுட்டா அது மறுக்கா எடுக்கப் பெரும்பாடு. மலையில அதாங்க மொறை."

எனக்குத் தெரியாத முறையா? பிறந்ததிலிருந்து இந்த காட் ரோட்டில் போய் வருகிறவள் நான். தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அட்டையில் வரிசைக்கு வரிசை வளைந்து ஏறுவது வேறென்ன, எங்கள் மலைப்பாதைதான்! ஓரமெல்லாம் கொண்டை ஊசி வளைவு. உச்சிக்குப் போன வண்டி அங்கேயே நின்றால் பிழைப்பு நடக்குமா? சவாரிக்கு இறங்கத்தானே வேண்டும். இறங்கும்போது எதிரே பச்சை ஏறிக்கொண்டிருந்தது. என் மகள் எனக்கு வழி விட்டு நின்றிருக்கிறாள். நான் அவளை வைதிருக்கிறேன். யார் பார்த்தால் எனக்கென்ன என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினேன்.

அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று ஆகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அட்டையை விரித்தேன். இந்தத் தடவை எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. பச்சையை அட்டையோடு தேய்த்து ஓட்டினேன். முதல் வளைவில் நிறுத்தி, "பீப் பீப்" என்றேன். பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். வாயெல்லாம் பல்.

அவள் வண்டி வழக்கம்போல எனக்கு முந்தி உச்சிக்குப் போனது, திரும்பியது, இறங்கியது. என்னைக் கண்டதும் வளைவில் ஒதுங்கி நின்றது. நான் அவசரப்படவில்லை. லாரி மாதிரி முக்கிக்கொண்டே ஏறினேன். அவளைத் தாண்டும்போது, வழி விட்டவருக்கு டிரைவர்கள் கை தூக்குவார்களே, அப்படித் தூக்கினேன். அவளும் தூக்கினாள், அச்சு அசல் அவள் அப்பாதான்.

இனி அவள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. சிவப்பைத் திருப்பினாள். என் பச்சைக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினாள்.

"ஏ புள்ள, நீ கீழ போகணும்ல? சவாரி காத்துக் கெடக்குமே?"

"வேணாம்," என்றாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மா வந்துருச்சு."