குப்புறக் கிடப்பவனுக்கு மடி இல்லை

ஆறு நாளாக நான் பார்க்கும் ஆஸ்திரேலியா, ஒரு முழ அகலச் சாம்பல் நிறக் கம்பளம். வலது கண்ணின் உள்திரை கிழிந்துவிட்டதென்று மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, உள்ளே ஒரு வாயுக் குமிழியை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். அது மேலே மிதந்து கிழிசலை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்காக நாள் முழுக்க என் முகம் தரையையே பார்க்க வேண்டும். முகம் வைக்க ஓட்டை உள்ள கட்டில் ஒன்றை மகள் அமலி கொண்டுவந்து போட்டிருக்கிறாள். ஓட்டைக்குக் கீழே நோட்டை வைத்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். ஆனால் நான் கட்டிய சுவர் எதுவும் கோணியதில்லை. சிங்கப்பூரில் கலவை சுமக்கப் போய் ஃபோர்மேனாகத் திரும்பியவன். பாபநாசம் கடைத்தெருவில் பாதிக் கட்டடம் என் கை. சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்துக் குமிழியைப் பார்த்தே பிழைத்த என்னை, இப்போது ஒரு குமிழி படுக்கவைத்துவிட்டது. அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, ஏறினால் கண் போய்விடும் என்கிறார்கள். ஊரில் பேத்திக்கு, மூத்த மகள் கமலாவின் குழந்தைக்கு, காதுகுத்து. மனைவி ஆரோக்கியமேரி முன்னாடியே போய்விட்டாள். என் டிக்கெட் மேசை மேல் கிடக்கிறது. மேசையைப் பார்க்கத்தான் எனக்கு அனுமதி இல்லை.

என் குடும்பத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்வேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மனைவி தவறியபோது மகள் கமலாவுக்கு நாலு வயது. ஆரோக்கியமேரி கணவனை இழந்து, மகன் சேவியரோடு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்தாள். மதம் வேறென்று இரண்டு பக்கமும் முகம் திருப்பிக்கொண்டார்கள். நான் கல்யாணம் செய்துகொண்டேன். பழைய சுவரோடு புதுச் சுவரைச் சேர்ப்பவன், செங்கல்லைப் பல் விட்டுக் கோத்துக் கட்ட வேண்டும். சும்மா ஒட்டவைத்தால் ஒரு மழைக்குப் பிளந்துவிடும். நான் பந்தியில் கோத்தேன். கிறிஸ்துமஸுக்கு என் அண்ணன் குடும்பத்தை உட்காரவைத்துச் சேவியரைப் பரிமாறச் சொன்னேன். பொங்கலுக்கு ஆரோக்கியத்தின் ஆட்களை உட்காரவைத்து அண்ணன் மகன் முருகேசனைப் பரிமாறச் சொன்னேன். அமலி பிறந்த பிறகு யார் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோனது. கிறிஸ்துமஸ் கல்கல் பலகாரமும் பொங்கல் கரும்பும் ஒரே கூடையில் வீடு வீடாகப் போகும். கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்து அதட்டுவதுபோல் ஒரு சுகம் எனக்கு எந்த நாட்டிலும் கிடைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸம்மா ஒரு படிவத்தோடு வந்தாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது கண் கோளாறு உண்டா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மை சன் சேவியர், ஸ்மால் பாய் டைம், பிக் கண்ணாடி" என்றேன். மளமளவென்று எழுதினாள். அமலி உள்ளே வந்து பார்த்துவிட்டு, அந்த அண்ணன் அப்பாவுக்குப் பிறந்தவரில்லை என்று விளக்கினாள். நர்ஸம்மா "ஓ, சாரி" என்று சிரித்து, சேவியர் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"ஏம்மா அடிக்கிறா?"

"ரத்தச் சொந்தம்தான் வேணுமாம்ப்பா. வைத்தியத்துக்குக் கேக்குறாங்க, விடுங்க."

விட்டேன். ஆனால் அந்தக் கோடு கம்பளத்திலும் தெரிகிறது. ஏனென்றால் அதே கோட்டை ஊரில் நானே இழுத்து வைத்திருந்தேன். பேத்தி பிறந்த அன்றே சேவியரிடம் போனில், "தாய்மாமன் மடி உன்னுதுதான்டா" என்றேன். அவன் மூக்கை உறிஞ்சினான். போன பொங்கலுக்கு ஊர் போனபோது அண்ணன் வீட்டில் விரால் மீன் குழம்பு. எல்லோரும் என் பெருமையையே பேச, வாய் தவறி, "மடியில வச்சுக்க நம்ம முருகேசன் இருக்கான்ல" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நேரில் போய் ஒரு அதட்டில் சரிக்கட்டிவிடலாம் என்றிருந்தேன். நேரில் போகத்தான் வழியில்லை.

இன்று மத்தியானம் போனைக் கம்பளத்தில் வைத்து முகத்துக்கு நேராகச் சரிசெய்துவிட்டுப் போனாள் அமலி. அங்கே காலை வேளை. குடமுருட்டிக் கரை, அய்யனார் கோயில். ஆரோக்கியம் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்திருந்தாள். கால்கள் மட்டும் தெரிந்தன. எனக்கு அதுவே போதும். பித்தவெடிப்புக் கால் அண்ணன். செங்கல் விழுந்து நகம் போன கட்டைவிரல் சேவியர். அவன் கால் பின்னுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது.

"ஏன் தம்பி, என் வீட்டு எலையில உக்காந்து என்ன சொன்ன? இப்ப சேவியருங்கிறா ஒம் பொண்டாட்டி" என்றார் அண்ணன். "அய்யனார் கோயில்ல அந்தோணியார் புள்ளைக்கு என்னடா மடி?"

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க..."

"நீ தரையப் பாத்துக்கிட்டு கெட. அங்கேருந்து நாட்டாமை பண்ணாத."

யாரோ சிரித்தார்கள். சேவியரின் குரல் மெதுவாக வந்தது: "முருகேசே உக்காரட்டும் பெரியப்பா. நான் பந்திய கவனிக்கிறேன்." நகமில்லாத விரல் திரும்பியது. நான் கத்தினேன். போனில் என் சத்தம் மேளத்தை மீறவில்லை.

அப்போது ஒரு கொலுசுக் கால் வந்து சேவியரை மறித்தது. கமலா.

"எங்கண்ணே போற? ஏன் பெரியப்பா, புள்ளைக்கு காது ரெண்டு இருக்குல்ல? வலது காதுக்கு முருகேசண்ணன், இடது காதுக்கு சேவியரண்ணன். உக்காருங்க ரெண்டு பேரும். ஆசாரி எவ்வளவு நேரம் ஊசியோட நிப்பாரு?"

"ஒங்கப்பன ஒரு வார்த்த கேளு."

"அவர் கண்ணைப் பாத்துக்கட்டும், போதும்."

இரண்டு வேட்டி மடிகள் முழங்கால் இடிக்க உட்கார்ந்தன. குழந்தை முதல் மடியில் வீறிட்டது. இரண்டாம் மடிக்கு மாறி இன்னும் பெரிதாக வீறிட்டது. முருகேசன், "ஒன் மடி முள்ளாடா? எங்கிட்ட இருந்தப்ப கம்மியாத்தான் அழுதா" என்றான். சேவியர் சிரித்தான். அண்ணனும் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் குடத்துப் பக்கம் திரும்பவில்லை.

நான் கோத்த சுவர், நானில்லாமலே நிற்கிறது. சந்தோஷம்தான். ஆனால் குப்புறக் கிடப்பவனுக்கு மடி கிடையாது என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. ஒரு கண்ணில் பாபநாசம். மறு கண்ணில் ஆடிக்கொண்டே இருக்கும் குமிழி. முகம் கவிழ்ந்திருந்தால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேராகக் கீழே விழும். விழுந்தது. பேத்தியின் புதுத் தோட்டின் மேல்தான் விழுந்ததென்று நினைத்தேன். போன் கண்ணாடி மேல் சொட்டாக நின்றது. அமலி வந்து, "தலையத் தூக்காதீங்கப்பா" என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போனாள்.