ஸ்டே பஸ்ஸுக்கு ஓர் அறை

கௌசல்யா லயத்தில் குடிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஒரு மாலை பக்கத்து வீட்டு மாடம்மாள் கதவைத் தட்டினாள்.

"டீச்சர், மேலுக்குச் சுகமில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன் அக்கா. ஏன்?"

"பின்ன யாரோட சண்டை?"

கௌசல்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடம்மாள்தான் சொன்னாள். பொன்முடித் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும். அந்த வரிசைக்குத்தான் லயம் என்று பெயர். கொழுந்து பறித்துத் திரும்பியதும் கதவைத் திறந்து போட்டால், படுக்கப் போகும்போதுதான் சாத்துவார்கள். உள்ளே விளக்கு எரிந்து கதவு மூடியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கோ சுகமில்லை, அல்லது அந்த வீட்டுக்காரிக்கு யார் மீதோ கோபம். கௌசல்யா வந்த நாள் முதல் இருட்டுவதற்குள் தாழ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குளிருதுன்னு சாத்தினேன் அக்கா" என்றாள். அதில் பாதிதான் உண்மை.

அவள் வளர்ந்தது நகரத்தின் கடைத்தெருவான ஆரியசாலையில், ஒரு மொத்தக் கடையின் கிடங்குக்கு மேலே இருந்த வீட்டில். அப்பா வன்னியபெருமாள் அந்தக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர். கீழே நாள் முழுக்க லாரிச் சத்தம், மிளகாய் நெடி. கதவைத் திறந்தால் வீடே தும்மும். சாத்திய கதவுக்குள் இருந்து படித்தே அவள் பட்டம் வாங்கினாள். பத்தாவது வரை தமிழ், பிறகு மலையாளம். இரண்டிலும் நன்றாக எழுதுவாள், இரண்டிலும் குறைவாகப் பேசுவாள்.

கல்லூரி முடிந்ததும் ஒரு கிராம வளர்ச்சி அமைப்பில் இரண்டு வருடத் தொண்டராகச் சேர்ந்தாள். தங்க இடமும் சாப்பாட்டுச் செலவும் கிடைக்கும். சம்பளம் கிடையாது.

"ஊர்ல உள்ள பிள்ளையெல்லாம் சர்க்கார் வேலைக்குப் பி.எஸ்.சி. பரீட்சை எழுதுது. நீ மலை ஏறுதே" என்றார் அப்பா. சண்டை போடவில்லை. ஒரு டார்ச் லைட்டும் கட்டிப் பெருங்காயமும் கொடுத்து அனுப்பினார்.

மாடம்மாள் கேட்ட பிறகும் கௌசல்யா கதவைச் சாத்துவதை விடவில்லை. பகலெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் பேசிய பிறகு அந்த நாலு சுவர் அவளுக்கு வேண்டியிருந்தது. "அந்தப் பிள்ளைக்குச் சுபாவம் அப்படி" என்று லயத்தில் விட்டுவிட்டார்கள். யாரும் அவளைத் தேடி வரவில்லை. அவளாகப் போய்க் கேட்டால், "எல்லாம் சுகந்தான் டீச்சர்" என்று முடித்துக்கொள்வார்கள். பாடம் நடத்தாவிட்டாலும் அவள் டீச்சர்தான். வெளியிலிருந்து நோட்டீஸோடு வருபவர்களுக்கெல்லாம் அங்கே அதுதான் பெயர்.

அமைப்பு முதலில் கொடுத்த வேலை, வீட்டுக்கு ஒரு காய்கறித் தோட்டம். விதைப் பொட்டலங்களைக் கொடுத்தபோது அதே லயத்துச் சுசீலாபாய் பணிவாக வாங்கிக்கொண்டாள்.

"நல்ல காரியம் டீச்சர். காட்டுப்பன்னிக்கும் வாய்க்கு ஒரு மாறுதல் வேணும் அல்லே."

ஜூன் மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடம்மாள் வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய பையின் ஜிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கௌசல்யா கேட்டாள்.

"நீதுக்கு. என் தங்கச்சி கீழ தம்பானூர்ல துணிக்கடையில நிக்கா. மாசக் கடைசியில இவளையும் கூட்டிட்டுப் போவா."

"நீதுக்குப் பிளஸ் ஒன் சீட் கிடைச்சுதுன்னு சொன்னாங்களே?"

"சீட்டு கீழ இருக்கு. பஸ் எங்க இருக்கு?"

முன்பு இருந்தது. இரவு கடைசியாக மலை ஏறி வரும் பஸ் திரும்பிப் போகாது. டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே தங்கி, விடியற்காலை முதல் பஸ்ஸாக அதைக் கீழே கொண்டுபோவார்கள். ஸ்டே பஸ் என்பார்கள். போன வருட மழையில் அவர்கள் தங்கிய அறையின் கூரை விழுந்தது. அதோடு ஸ்டே நின்றது. இப்போது கீழிருந்து முதல் பஸ் ஏறி வந்து திரும்புவதற்குள் பள்ளியில் இரண்டு வகுப்பு முடிந்துவிடும்.

உள்ளேயிருந்து மாடம்மாளின் மகள் நீது எட்டிப் பார்த்தாள். "நாள் முழுக்க நின்னு கால் வீங்குதுன்னு சித்தியே சொல்லுவா டீச்சர். எனக்குப் படிக்கணும்."

"சும்மா கிட பிள்ளே" என்றாள் மாடம்மாள். குரலில் அதட்டல் இல்லை.

மறுநாள் கௌசல்யா மலையிறங்கி டிப்போவுக்குப் போனாள். அங்கே பஸ் நேரங்களைப் பார்த்துக்கொள்ளும் வெங்கிடேஷ் சார் அவளை உட்காரச் சொன்னார். நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வந்திருந்தாள். இரண்டாவதிலேயே அவர் குறுக்கிட்டார்.

"பஸ் விடாம இருக்க எனக்கென்ன பிராந்தா மோளே? என் ஆளுங்க நனைஞ்ச சீட்டுல கிடந்து காய்ச்சல் பிடிச்சு வந்தாங்க. நல்ல ரூம் ஒண்ணு ரெடி பண்ணுங்க. ஒரு வாரம் அனுப்பிப் பார்க்கிறேன். தங்குறவங்க சரின்னா ஸ்டே தொடரும். வேண்டான்னா என்கிட்ட திரும்ப வரக் கூடாது, கேட்டோ."

விதைப் பொட்டலங்களுக்கு அசையாத லயம் இதற்கு அசைந்தது. தோட்ட ஆபீஸில் கேட்டபோது வரிசைக் கடைசியில் பூட்டிக் கிடந்த வீட்டைத் தந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆண்கள் கூரை ஏறித் தகரம் மாற்றினார்கள். பெண்கள் சுண்ணாம்பு அடித்தார்கள். போன் சார்ஜ் போட ஒரு பிளக் வேண்டும் என்று நீது சொன்னாள், அதுவும் வந்தது. ஒரு கட்டிலை மாடம்மாள் கொடுத்தாள். இன்னொன்று சுசீலாபாய் வீட்டிலிருந்து வந்தது.

"உங்க வீட்டுக்காரர் எங்க படுப்பார்?" என்று கௌசல்யா கேட்டாள்.

"தரையில. கட்டில்ல கிடந்தா அவருக்குக் குறட்டை ஜாஸ்தி. இதுல எனக்குத்தான் லாபம்."

ஒரே அறைதான். இரண்டு கட்டிலையும் போட்டதும் நடுவில் ஒரு ஆள் நடக்க இடம் இருந்தது. டிரைவரும் கண்டக்டரும் எப்போதும் ஆண்களாகவே வந்த இடம் அது. வேறு விதமாக யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை, கௌசல்யாவுக்கும்.

பஸ் வரும் அன்று மூடுபனி இறங்கியிருந்தது. வளைவில் முதலில் வெளிச்சம் தெரிந்தது, பிறகு ஹாரன். லயமே பஸ் திரும்பும் இடத்தில் நின்றது. டிரைவர் ஸ்ரீகண்டன் இறங்கிக் கைகளை உதறினார். பின்வாசல் வழியாக, தோளில் டிக்கெட் பையும் கையில் குடையுமாகக் கண்டக்டர் இறங்கினாள். பெயர் பிந்து. வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல், டிப்போவில் வேறு ஆளில்லை, அதனால் தான் வந்ததாகச் சொன்னாள்.

மாடம்மாள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இருவரையும் அறைக்கு அழைத்துப் போனாள். பிந்து வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வெள்ளைச் சுவர், வெந்நீர்ப் பாத்திரம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டில்.

"நல்ல ரூமாணு" என்றாள். பிறகு டிரைவரிடம், "சேட்டன் இவிடெ கிடந்நோளூ. ஞான் பஸ்ஸில் கிடக்காம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் படுக்கத் திரும்பினாள்.

"பஸ்ஸுல ஷட்டர் ரெண்டு மூடாது பிந்து" என்றார் ஸ்ரீகண்டன். லயத்துப் பெண்களைப் பார்த்து, தர்மசங்கடத்தோடு தமிழில் சொன்னார்: "நாளைக்கு வெங்கிடேஷ் சார் இவ எங்க உறங்கினான்னு கேப்பாரு. பொய் சொல்ல முடியுமா?"

எல்லாருக்கும் கணக்குப் புரிந்தது. நீது அம்மாவின் பின்னால் நின்று பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடம்மாள் வீட்டில் ஒரு அறையில் ஐந்து பேர். சுசீலாபாய் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். லயம் முழுவதிலும் ஒற்றை ஆள் இருக்கும் அறை ஒன்றுதான். அது கௌசல்யாவுக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் தெரியும் என்பதும் தெரிந்தது. ஆனால் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. மாடம்மாள் பனியைப் பார்த்தாள், சுசீலாபாய் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். கேட்டால் மறுப்பாள் என்று அவர்கள் நினைக்கவில்லை. சாத்திய கதவைத் தட்டக் கூடாது என்று நினைத்தார்கள்.

"சேச்சி, என் ரூமுக்கு வாங்க" என்றாள் கௌசல்யா. குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. இன்னொரு முறை சொன்னாள்.

பிந்து நனைந்த செருப்பை வெளியே விட்டு உள்ளே போனாள். சோற்றுப் பாத்திரத்தோடு மாடம்மாள் போனாள். மீன்குழம்போடு சுசீலாபாய், ஒரு போர்வையோடு நீது. அவர்களுக்குப் பின்னால், கொண்டுவர எதுவும் இல்லாத மூன்று பேர். இதுவரை யாரும் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. சுசீலாபாய் சுவர் சுவராகப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு அடுப்பு, புத்தகங்கள், மூலையில் கொடுத்தது போக மிஞ்சிய விதைப் பொட்டலங்கள்.

"இவ்வளவுதானா? உள்ள என்னமோ பெருசா வச்சிருக்கேன்னுல்ல நினைச்சோம்."

"பன்னிக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்று விதையைக் காட்டினாள் கௌசல்யா.

சுசீலாபாய் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். பிந்துவுக்குக் கதை தெரியாது, அவளுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் மாடம்மாள் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்த பிந்து, காக்கிச் சட்டையை அடுப்புக்கு மேலே காயப் போட்டாள். நீதுவைப் பார்த்து, "எந்தா மோளே, என்னையே நோக்குற?" என்று கேட்டாள்.

"காலையில பஸ் எத்தனைக்கு எடுக்கும்?"

"ஆறேகாலுக்கு. வகுப்பு நாளைக்கா?"

"திங்கள்கிழமை."

"அப்போ திங்கள்கிழமை முன் சீட்டு உனக்கு. லேட்டானா பெல் அடிச்சிடுவேன்."

அந்த வாரம் முழுக்கப் பிந்துதான் வந்தாள். காய்ச்சல்காரர் வேலைக்குத் திரும்பிய பிறகும் அவளே கேட்டு வந்ததாக ஸ்ரீகண்டன் சொன்னார். வெங்கிடேஷ் சார் அவளிடம் கேட்டாராம். உறங்க இடம் உண்டு, ஆனால் லயத்துக்காரிகள் சீக்கிரம் உறங்க விடுவதில்லை என்று பதில் சொன்னாளாம்.

திங்கள்கிழமை காலை நீது, ஜிப் தைத்த அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். மாடம்மாள் காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க நேரமாகியும், கொழுந்துக் கூடையோடு நின்றாள். பிந்து இரட்டை மணி அடித்தாள். பஸ் வளைவில் திரும்பியது. அடுத்த வளைவிலும் ஒருமுறை அதன் விளக்கு தெரிந்தது.

"தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லணும், வர வேண்டாம்னு" என்று மாடம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

கௌசல்யா திரும்பி வந்தபோது அவள் கதவு திறந்தே கிடந்தது, பஸ்ஸைப் பார்க்கும் அவசரத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். உள்ளே பாயின் ஓரத்தில் சுசீலாபாயின் மகள், நிறைமாத வயிற்றோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கதவு திறந்திருந்துச்சு, அதான் வந்தேன்" என்றாள். "ஆஸ்பத்திரி கார்டு விஷயமா ஒண்ணு கேக்கணும் டீச்சர். இப்ப நேரம் உண்டா?"

கௌசல்யா அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.