வெளுத்துத் தந்த சட்டை

இறந்தவர் துணியை வண்ணாருக்குக் கொடுத்த பிறகு திருப்பிக் கேட்பது வழக்கமில்லை. ஆனாலும் இன்று காலை எங்கள் வண்ணார் மாடசாமியிடம் போய், இறந்துபோன அண்ணனின் சட்டை ஒன்றைக் கேட்டேன்.

எல்லாம் சுல்தானுக்காகத்தான். பேச்சிப்பாறைப் பக்கத்து எஸ்டேட் துரை சீமைக்குக் கப்பலேறும்போது, தன் டிரைவரான என் அண்ணனிடம் விட்டுப்போன காவல் நாய். மாஸ்டிஃப் ஜாதி, கன்றுக்குட்டி உயரம். அண்ணன் போனதிலிருந்து அவர் கட்டிலருகே படுத்துக்கொண்டு, கிட்டே போனால் உறுமுகிறது. வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது.

“அவிய வாசம் அடிச்சா உம்மைக் கிட்ட விடும்” என்றாள் மதினி. ஆனால் வழக்கப்படி ஒரு துணி மிச்சமில்லாமல் கொடுத்துவிட்டிருந்தோம்.

மாடசாமி மறுப்புச் சொல்லாமல் உள்ளே போய் மடித்த சட்டையோடு வந்தார்.

“அவியளுக்க சட்டைய அழுக்கா வைக்க மனசு வரல்ல. நல்லா வெளுத்துத் தேச்சு வச்சிருக்கேன்.”

வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு கட்டிலருகே போனேன். சுல்தான் உறுமவில்லை. எழுந்து வந்து காலரிலிருந்து கைவரை மோந்து பார்த்தது. பிறகு திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

“என்ன சொல்லுகு?” என்று வாசலில் நின்று கேட்டாள் மதினி.

“சவுக்காரம்னு சொல்லுகு.”

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களே, அண்ணனிடம் துவர்த்துத் துண்டு இரவல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்கள் உங்களில் பலர் உண்டு. திருப்பித் தராததில் வருத்தமில்லை. துவைக்கவும் சோம்பல்பட்டவர் யாராவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.