ரீசார்ஜுக்குச் சொன்ன பதில்

அந்த போன் வந்தபோது அக்காவின் பக்கத்தில்தான் இருந்தேன். சித்திரை மாதம். வல்லத்திராக்கோட்டையில் அவள் வீட்டு வேப்பமரத்தடியில் இருவரும் கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். கையெல்லாம் மண் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். பெண்களின் உடல்நலம் பற்றி சர்வே எடுப்பதாகவும், எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால் ரீசார்ஜ் வரும் என்றும் ஒரு பெண் சொன்னாள்.

"என்ன பதில் சொன்னாலும் ரீசார்ஜ் உண்டுங்க. உள்ளதைச் சொல்லுங்க, அது போதும்."

அது என் காதில் தெளிவாக விழுந்தது. அக்காவின் காதிலும்தான்.

மச்சான் குவைத்தில் இருந்தார். நெட் தீர்ந்துபோனால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுகர் இருக்கா? இல்லைங்க. பிரஷர்? இல்லைங்க. மார்பில் கட்டி ஏதாவது தட்டுப்படுதா?

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

போனை வைத்ததும் கேலி செய்தேன். "ஏங்க்கா, நேத்துகூட முட்டி வலிக்குதுன்னு பொலம்புனியே?"

"போடி இவளே. குழுவுல லோன் போடையிலயும் இப்புடித்தான் போன்ல கேக்குறாங்க. நோவு நொடின்னு வாயத் தொறந்தா பேரை அடிச்சுருவாங்க. சும்மா யாரு குடுப்பா?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பாடம் மனப்பாடம். போனில் யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றே சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் ரீசார்ஜ் வந்தது. ஜெயித்துவிட்டவளாக அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

மறு வருஷம் ஆஸ்பத்திரியில், கட்டி எப்போதிருந்து இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"போன வருசம் பொங்கலுக்கே கையில தட்டுப்பட்டுச்சுங்க."

சித்திரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இல்லைங்க, இல்லைங்க என்று சொன்னபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முன்னமே வந்திருக்கலாமே என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா சீட்டு எழுதத் தொடங்கினார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, அன்னைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தாலும் ரீசார்ஜ் போட்டிருப்பாங்களா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லையென்று சொல்லேன் என்று அது என்னைக் கெஞ்சியது.

"போட்டிருக்க மாட்டாங்கக்கா."

"அதானே," என்று பெருமூச்சு விட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் போய்ச் சேரும்வரை நான் அதை மாற்றிச் சொல்லவே இல்லை.