உதிரியாக வாங்கிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரைக் கடையில் முழுசாகத்தான் விற்பார்கள் என்று ஐம்பத்து மூன்று வயது வரை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்று, வேம்பாரில் பலசரக்குக் கடை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அதற்கு மேல் தெரிய நியாயமில்லை. உதிரியாக வாங்கி நாமே மாட்டினால் அதே காசுக்கு இன்னும் நல்ல மெஷின் கிடைக்கும் என்று மகள்தான் சொன்னாள்.

அவளுக்கு அது அவசியமாக வேண்டியிருந்தது. கட்டட வரைபடம் போடப் படித்தவள். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். பேறுகால லீவு முடிந்தால் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு அவள் சென்னை ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். நினைக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கும். அந்த நேரத்தில் தூத்துக்குடி இன்ஜினியர் ஒருவர், வீட்டிலிருந்தே வரைந்து தரலாம், ஆனால் சொந்த மெஷின் வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு வீட்டை வரைந்து காட்ட வேண்டும். சரியாக இருந்தால் தொடர்ந்து வேலை.

வியாழக்கிழமை பிள்ளையை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு நானும் மகளும் பஸ் ஏறினோம். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். மகள் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இதுல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணே பாதி ரூவாயத் தின்னுரும். வீட்டு பிளான்தான அக்கா வரையப் போறாவ? படம் காட்டுத வேலையையும் சேத்துப் பாக்குற புராசஸரா எடுத்தா கார்டு வேண்டாம். பெறவு வேணும்னா மாட்டிக்கிடலாம், போர்டுல எடம் கெடக்கு.”

அந்தப் புராசஸரைப் பார்க்கக் கேட்டேன். பிஸ்கட்டை விடச் சின்னது.

“இத எதுல தம்பி செய்யுதாவ?”

“மணல்ல இருந்துதான் அண்ணாச்சி.”

“மணலா? எங்க ஊர்க் கடற்கரை பூரா அதான கெடக்கு!”

“ஒரு மூட அள்ளிட்டு வாங்க, பாதி வெலைக்குத் தாரேன்.”

மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். நான் விடவில்லை. பவர் சப்ளை இரண்டு தினுசு காட்டினார். ஒன்று மற்றதில் பாதி விலை. இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தேன். விலை குறைந்தது காலி டப்பா மாதிரி இருந்தது.

“கையே சொல்லிருச்சுல்லா,” என்று சிரித்தார். எங்கள் ஊரில் கரண்டு ஏறி இறங்கும், அதனால் கனமானதையே எடுத்தோம். இதையெல்லாம் உள்ளே வைத்து மாட்டுகிற பெட்டியில் மிச்சம் பிடித்தோம். கண்ணாடி வைத்து மினுங்குவது வேண்டாம். உப்பளக் காற்றுக்கு, முன்னால் கழற்றி அலசுகிற வலை வைத்த சாதாரணப் பெட்டி போதும்.

மெமரியில்தான் நான் கையை இறுக்கினேன். எட்டு ஜி.பி.யில் இரண்டு. பேர் தெரியாத கம்பெனி, விலை குறைவு. மகள் தயங்கினாள். “வாரண்டி இருக்குல்லா,” என்று முடித்துவிட்டேன்.

அங்கேயே மாட்டித் தருகிறேன் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றது நான்தான். எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இடாமல் புழக்கத்துக்கு வராது. தராசு, கிரைண்டர், வண்டி எல்லாம் அப்படித்தான். முழுசாக வாங்கியிருந்தால் பெட்டிக்கு ஒரு பொட்டோடு போயிருக்கும். தனித்தனியாக வாங்கியதால் தனித்தனியாகத்தானே இட வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பிரித்துத் தாம்பாளத்தில் அடுக்கினேன். மெமரி பச்சைப் பட்டையாக இருந்தது. கீழ் ஓரத்தில் தங்க நிறத்தில் பல் பல்லாக ஒரு வரிசை. அதுதான் முகம் போலிருந்தது. அதிலேயே சந்தனத்தை வைத்து மேலே குங்குமமும் இட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்து வந்த மகள் நடுங்கிவிட்டாள்.

“யப்பா! என்ன செய்யுதீய? இதுக்கெல்லாமா பொட்டு?”

“ஏளா, சாமி காரியம். சத்தம் போடாத.”

கற்பூரம் அணைந்ததும் அவளே துணியால் எல்லாவற்றையும் துடைத்தாள். குங்குமம் போனது. சந்தன நிறமும் அந்தப் பல்லின் நிறமும் ஒன்றாக இருந்ததால், ஒட்டி நின்றது யார் கண்ணிலும் படவில்லை.

மத்தியானத்துக்குள் மாட்டி முடித்தாள். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே நின்றது. போர்டில் மெமரிக்குப் பக்கத்தில் பொட்டு அளவு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. “மெமரி வேல செய்யல,” என்றாள். விலை குறைவு என்று நான் எடுத்த அதே மெமரி. அதுதான் எனக்கு உறைத்தது. மலிவைப் பார்த்து என் பிள்ளை வாழ்க்கையில் மண்ணைப் போட்டேனே என்று அன்றைக்குக் கடை திறக்கவே கை வரவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் மெமரியைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“அண்ணாச்சி, மெமரிக்கு நலங்கு வச்சீயளோ?”

சொன்னேன். சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பென்சில் ரப்பரை எடுத்து அந்தப் பற்களைப் பதமாகத் தேய்த்து, பிரஷ்ஷால் தட்டி மாட்டினார். திரையில் எழுத்து வந்தது.

எனக்கு உயிர் வந்தது. கூடவே கேள்வியும் வந்தது. “இத்துனூண்டு சந்தனம் எப்படித் தம்பி மறிக்கும்?”

“ஒவ்வொரு பல்லும் ஒரு பாத அண்ணாச்சி. நாலு பாத அடச்சா தகவல் போவாது. கம்பெனி மேல குத்தமில்ல, நல்ல சரக்குதான். நீங்க சாமி கும்பிட்டதுலயும் குத்தமில்ல. அடுத்த தடவ பெட்டிக்கு மேல வைங்க.”

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். “அப்ப நான் ஒழுங்காத்தான் மாட்டியிருக்கேன்,” என்று அவளுக்கு அதில்தான் சந்தோஷம்.

ஞாயிறும் திங்களும் பிள்ளை தூங்குகிற நேரமெல்லாம் வரைந்து, செவ்வாய் காலையில் அனுப்பினாள். நானும் அவளும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். முருகனைக் கூப்பிட்டபடி இருந்தேன். மூன்று மணிக்கு இன்ஜினியர் கூப்பிட்டார். மாடிப்படி அகலம் குறைகிறது, திருத்தி அனுப்பு என்றார். மகள் முகம் வாடியது. அதோடு அடுத்த வீட்டின் அளவையும் அனுப்பியிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்கு வேண்டும் என்றும் சொன்னார்.

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் நகரவில்லை. மாடிப்படி எந்தக் கோடு என்று அவளிடம் கேட்டேன்.